அடைப்புக்குறிக்குள் ஓர் அப்பா

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் மனைவி, அப்பாவுடன் இருக்கிறேன். அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். ஒவ்வொரு டிசம்பரிலும், அந்த வருடம் நான் புதிதாகக் கண்டுபிடித்த படங்களில் பத்து, இசை ஆல்பங்களில் பத்து என்று தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இந்த முறை 42 பேருக்கு அனுப்பினேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டியதோடு சரி. மனைவி கொழும்புக் கோட்டைப் பகுதியில் வேலை செய்கிறார். இரவில் படம் தொடங்கி இருபது நிமிடத்தில் நித்திரை. இந்த வருடம் படங்களில் முதலிடம் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் சிங்களப் படம் 'நிதானய'. ஆல்பங்களில் முதலிடம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (95இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்திலிருந்து அப்பா வைத்திருக்கும் பழைய பெட்டியில் ஒரு சி-90 கசெட் கிடந்தது. அதில் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்தேன். மற்றப் பக்கத்தில் 14-3-92 என்று திகதி மட்டும். பூஞ்சணம் பிடித்திருந்ததால் போனில்தான் கேட்டேன்). என் ரசனைக்கு ஏற்ற ஆட்கள் கொழும்பில் இல்லையா? பட்டியல் போடுவதையே நிறுத்திவிடவா?
- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தம்பி, பட்டியலை நிறுத்தினால் என்ன, தொடர்ந்தால் என்ன? இதே கடிதம் எனக்கு வருடத்துக்கு நாலைந்து வரும். ஒருவருக்குக் கிரிக்கெட், இன்னொருவருக்கு ஓர்க்கிட் பூ. "என்னை விளங்கிக்கொள்ள ஆளில்லை" என்ற வரி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும்.

மனைவியின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். விடிய எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நசுங்கிக் கோட்டைக்குப் போய், அப்படியே திரும்பி வருகிற பெண்ணுக்கு இரவு பத்து மணிக்கு சப்டைட்டிலோடு படம் போட்டால் நித்திரை வராமல் என்ன வரும்? ஞாயிறு பின்னேரம் போடுங்கள். தேநீரையும் நீங்களே ஊற்றுங்கள். அது முடிந்தது.

எனக்குக் கால் தடக்கியது அந்த அடைப்புக்குறியில். நீங்கள் அனுப்பியது மூன்று பக்கக் கடிதம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் 'நிதானய'வின் கறுப்பு வெள்ளைக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கிடைத்தது ஓர் அடைப்புக்குறி. அதற்குள்ளும் அவர் வரவில்லை, அவருடைய பெட்டிதான் வருகிறது. அவர் அந்த ஆல்பத்தைப் பற்றி என்ன சொன்னார்? இன்னும் அவருக்குப் பிடிக்குமா? கடிதத்தை நாலு தரம் வாசித்துவிட்டேன், காணோம். நீங்கள் கேட்கவே இல்லை.

"கண்டுபிடித்தேன்" என்று வேறு எழுதுகிறீர்கள். அந்த ஆல்பம் 1986இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மனிய இசை மேதை பாக்குக்கும் இளையராஜா வைத்த காணிக்கை. கதாநாயகன் இல்லை, டூயட் இல்லை, வாத்தியங்கள்தான். அந்த நாட்களில் கேட்ட பாட்டைக் கசெட்டில் பதிந்து தரும் ரெக்கோடிங் பாருக்குப் போன ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் சினிமாப் பாட்டுப் பட்டியலைத்தான் நீட்டுவார்கள். நான் நீட்டிய பட்டியலும் அதுதான். உங்கள் அப்பா இப்படி ஒன்றைத் தேடிப் பதிந்து, அட்டையில் பெயரும் எழுதி, இவ்வளவு காலம் வைத்திருக்கிறார். அவரை வீட்டில் வைத்துக்கொண்டு, ரசனைக்கு ஏற்ற ஆள் கொழும்பில் உண்டா என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். 42 பேருக்குப் போன பட்டியல் அடுத்த அறைக்குப் போகவில்லை.

இனி அந்தத் திகதிக்கு வருகிறேன்.

92இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 90 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதற்குப் பிறகு வருடக்கணக்காக இல்லை. பற்றரி தடை செய்த சாமான். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கெரித்த காலம். பாட்டுக் கேட்கவேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைக்கும், குரல் இழுபட்டு மாடு கத்துவதுபோல வரும். உடனே நாலு பேர் "சுத்தடா, சுத்தடா" என்று கத்துவார்கள். சி-90 கசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்க எத்தனை பேர் கை மாற்றிச் சுற்றியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். நீங்கள் அதே ஆல்பத்தைக் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் படுத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதில் தப்பில்லை. எனக்கும் படுத்துக்கொண்டு கேட்கப் பிடிக்கும்.

அப்படிப்பட்ட காலத்தில் அந்தக் கசெட்டின் மறுபக்கத்தில் ஒருவர் திகதி மட்டும் எழுதி வைக்கிறார். பாட்டைப் பதிந்திருந்தால் பாட்டின் பெயரை அல்லது படத்தின் பெயரை எழுதியிருப்பார். முன்பக்கத்தில் எழுதியிருக்கிறாரே. வெறும் திகதியை நாங்கள் எதற்கு எழுதினோம்? வீட்டில் யாரையாவது கதைக்கவைத்துப் பதிந்தால் எழுதினோம். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் கதைத்து அனுப்பிய காலம் அது. 92 மார்ச்சில் உங்களுக்கு ஒரு வயது இருக்கும். அம்மா பக்கத்தில் இருந்திருப்பார். அம்மாவின் குரல் அதில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாகவும் இருக்கலாம். ஆனால் அம்மா போய் இரண்டு வருடமான வீட்டில், கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, திகதியையும் வாசித்துவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் போட்ட பிள்ளையை என்ன சொல்வது? நல்ல சொல் ஒன்றும் வாயில் வரவில்லை.

உங்களை ஏசுகிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். என் தம்பி 80களின் கடைசியில் வெளிநாடு போனான். போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தில் ஒரு கசெட் அனுப்பினான். குளிரைப் பற்றி, அறையில் இருந்த பெடியன்களைப் பற்றி, பருப்புக் கறி கருகியதைப் பற்றி. அம்மா பின்னேரங்களில் அதைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார். ஒரு நாள் வானொலியில் நல்ல பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, கையில் வெறும் கசெட் இல்லை. தம்பியுடையதை எடுத்தேன். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் திரும்பப் பதிய முடியாது. தம்பி உடைத்துத்தான் அனுப்பியிருந்தான். நான் அந்த ஓட்டைகளின்மேல் செலோடேப்பை ஒட்டிவிட்டுப் பதிந்தேன். நாலு பாட்டு. அம்மா ஏசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கசெட்டைப் போட்டுத் தா என்று என்னிடம் கேட்கவுமில்லை.

ஆகவே உங்கள் கசெட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். தட்டுகள் உடைந்திருந்தால் அப்பா வேண்டுமென்றே உடைத்திருப்பார்.

இன்னொன்று. 95 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு மழையில் நடந்தது. வெளியேறும் வழியில் இருந்த நாவற்குழிப் பாலத்தில் ஓரடி வைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று அன்று நடந்தவர்களைக் கேளுங்கள். சைக்கிள் கரியரில் அரிசியும் உடுப்பும் குழந்தைகளும். அப்பா வெளிக்கிட்ட வருடம் 95 என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு கசெட் பெட்டிக்கு இடம் பிடித்திருக்கிறார். எதை விட்டுவிட்டு அதை எடுத்தார்? அதையும் கேட்கவேண்டியது நீங்கள்தான்.

பெற்றவர்களுக்குச் செய்யும் கடமை என்றால் பிரஷர் குளிசை, கிளினிக், மூன்று நேரச் சாப்பாடு என்று இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். நீங்களும் அதெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பிள்ளைதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என்னுடைய கணக்கு வேறு. அவர்கள் சேர்த்து வைத்ததைக் கேட்டு வாங்குவதும் கடமைதான். காணி உறுதி எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்காத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

உங்கள் பட்டியலில் ஏழாவது இடத்தில் 'பொன்மணி'யைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த சிங்களவரான தர்மசேன பத்திராஜ 1977இல் தமிழில் எடுத்த படம், யாழ்ப்பாணத்துக் கதை. "அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறது" என்று நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாகத் திரிந்த ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். எந்தத் தெரு, எந்தக் கடை, சீதனக் கதை எவ்வளவு உண்மை என்று அவர் சொல்வார். சப்டைட்டில் தேவையில்லை.

சரி, இனி வேலை. பூஞ்சணம் பிடித்த கசெட்டை எந்த மெசினிலும் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கிற நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துவிடும், பூஞ்சணம் மெசினின் ஹெட்டில் ஏறி அடுத்த கசெட்டையும் கெடுக்கும். கடற்கரைக் காற்றில் இருக்கிற வீடு உங்களுடையது, கட்டிலுக்குக் கீழே வைத்தால் இன்னும் மோசமாகும். காற்றுப் புகாத டப்பாவில், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, அந்தச் சிலிக்கா பொட்டலங்களோடு சில நாள் வையுங்கள். கசெட் திருகாணி போட்ட ரகமா, ஒட்டிய ரகமா என்று பாருங்கள். மூலைகளில் நாலும் நடுவில் ஒன்றுமாகத் திருகாணி இருந்தால், கழற்றி நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யவேண்டும், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கை பழகாவிட்டால் நீங்கள் தொடாதீர்கள். பழைய கசெட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தருகிறவர்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். கொடுக்கும்போது பி பக்கத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் கசெட்டை அப்பாவின் கையில் கொடுத்து, அந்தத் திகதி என்ன என்று கேளுங்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அவர் உடனே சொல்லாவிட்டால் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள். "எனக்கு ஞாபகமில்லை" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் மறுநாள் திரும்பக் கேளுங்கள்.

ஓடுகிற மெசின் வேண்டுமென்றால் என் வீட்டில் ஒன்று இருக்கிறது. போன வருடம்தான் பெல்ட் மாற்றினேன். இரவல் கொடுக்கமாட்டேன். கசெட்டைச் சுத்தம் செய்தபிறகு பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தனியாக வந்தால் கதவு திறக்கமாட்டேன்.