பாட்டுக் கேட்டபடி ஓடினால் களைப்பு ஏன் குறைவாகத் தெரிகிறது?

களைப்பு அப்படியேதான் இருக்கிறது; அதன்மேல் இருக்கும் கவனம்தான் குறைகிறது. மூச்சிரைப்பும் கால்வலியும் மூளையைத் தட்டிக்கொண்டே இருக்க, பாட்டு அந்தக் கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. மெல்லோட்டத்தில் பாட்டு ஜெயிக்கும். முழுவேகத்தில் ஓடினால் உடம்பின் குரலே ஓங்கிவிடும்.

இன்னொன்று தாளம். 1911இல் லெனர்ட் ஏர்ஸ் என்பவர், நியூயார்க் சைக்கிள் பந்தயத்தில் பேண்டு வாசித்தபோது வீரர்கள் வேகமாக மிதித்ததைப் பதிவு செய்தார். அவ்வளவு தூரம் போவானேன்? தைப்பூசத்தன்று உறுமி முழங்கியதும் காவடி எடுப்பவரின் சோர்ந்த கால்கள் துள்ளுவதைப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டுகள் உள்ள பாட்டு பொதுவாகப் பொருந்தும். பிடித்த பாட்டாக இருப்பது அதைவிட முக்கியம். பூங்கா இணைப்புப் பாதையில் ஓடினால் ஒரு காதைத் திறந்தே வையுங்கள், பின்னால் சைக்கிள் வரும்.