மூன்று சார்ட் போதும். சேர்வர் மணிக்கூட்டைப் பாருங்கள்

நாணயச் சந்தை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெட்டாட்ரேடர் 4 என்ற நாணய வர்த்தக மென்பொருளில் யூரோ–டொலர் சோடிக்கு 1 நிமிடம் தொடக்கம் மாதம் வரை ஒன்பது சார்ட்டும் (விலை வரைபடமும்) திறந்து வைத்திருக்கிறேன். ஒன்று வாங்கு என்றால் மற்றது வில் என்கிறது. பின்னேரத்தில்தான் நேரம் கிடைக்கும். எவற்றைப் பார்ப்பது? – வாசகர், கொக்குவில்

பதில்: ஒன்பதையும் பார்த்தால் நீங்கள் ஏற்கனவே எடுத்த முடிவுக்கு ஒத்து ஊத ஏதாவது ஒன்று அகப்படும். நாள், 4 மணித்தியாலம் (4 மணி), 1 மணித்தியாலம் (1 மணி) ஆகிய மூன்றை மட்டும் வையுங்கள். ஒன்றுக்கொன்று நான்கு முதல் ஆறு மடங்கு இடைவெளி வேண்டும். 15 நிமிடத்தையும் 30 நிமிடத்தையும் அருகருகே வைப்பது ஒரே படத்தை இரண்டு தரம் பார்ப்பதுதான். நாள் சார்ட்டில் திசை, 4 மணியில் நுழையும் விலை, 1 மணியில் நுழையும் நேரம். நாள் சார்ட் இறங்குமுகமாயிருக்க 1 மணி சார்ட் ஏறினால் குழம்பவேண்டாம். பெரும்பாலும் அது விற்கும் இடத்துக்கு விலை திரும்பி வருவதுதான்.

மூன்றையும் திறந்து, விண்டோ மெனுவில் ‘டைல் வெர்டிக்கலி’ கொடுங்கள். பிறகு ஃபைல் மெனுவில் புரொஃபைல்ஸ் வழியே சேமித்தால் அடுத்த முறையும் அப்படியே திறக்கும். ஒரு சார்ட்டில் கீறிய கோடு மற்றச் சார்ட்டுகளில் வராது. நாள் சார்ட்டின் முக்கிய விலை மட்டங்களை மற்ற இரண்டிலும் திரும்பக் கீறவேண்டும். அலுப்புத்தான், ஆனால் இதைத் தவிர்ப்பவர்கள்தான் விலை ஏறமுடியாமல் திரும்பும் பெரிய தடையின் அடியிலேயே வாங்கிவிட்டு முழிக்கிறார்கள்.

ஸ்டொப் லொஸ் (நட்டம் பெருகாமல் தானாக வெளியேறும் விலை) எந்தச் சார்ட்டில் நுழைந்தீர்களோ அதிலிருந்தே வரட்டும். 500 டொலர் கணக்கில் ஒரு தரத்தில் இழக்கத் துணிவது 1 வீதம் என்றால் 5 டொலர். யூரோ–டொலரில் 0.01 லொட்டுக்கு (லொட் என்பது வர்த்தக அளவு) ஒரு பிப் (விலையில் 0.0001 மாற்றம்) 10 சதம். 1 மணி சார்ட்டின் 25 பிப் ஸ்டொப்புக்கு 0.02 லொட் சரியாகப் பொருந்தும். நட்டத்தில் நிற்கும்போது நாள் சார்ட்டுக்குத் தாவி ஸ்டொப்பை 120 பிப்புக்குத் தள்ளினால் அதே 0.02 லொட்டில் போவது 24 டொலர். முதலில் டெமோவில் (போலிப் பணக் கணக்கில்) பழகுங்கள். உண்மைப் பணம் அனுப்ப முன்னர் வெளிநாட்டுச் செலாவணி விதிகளை வங்கியில் கேளுங்கள்.

கேள்வி: என் 4 மணி கேண்டிலும் (அந்த நேரத்து விலை நகர்வைக் காட்டும் கட்டையும்) நண்பருடையதும் வேறு வேறாக இருக்கின்றன. ஒரே சோடி, ஒரே நாள். – வாசகி, சாவகச்சேரி

பதில்: புரோக்கர்களின் (தரகு நிறுவனங்களின்) சேர்வர், அதாவது மையக் கணினி, ஓடும் நேரம் ஆளுக்காள் வேறு. ‘மார்க்கெட் வொட்ச்’ பெட்டியின் தலைப்பில் அந்த நேரம் ஓடும். கிரீன்விச் நேரத்தில் ஓடும் சேர்வரில் 4 மணி கேண்டில் நமது இலங்கை நேரம் பின்னேரம் 5.30க்கும் இரவு 9.30க்கும் மூடும். நியூயோர்க் மாலை 5 மணியோடு நாளை முடிக்கும் சேர்வரில், அங்கு கோடை நேரம் நடக்கையில் 6.30, 10.30, மற்ற மாதங்களில் 7.30, 11.30. கிரீன்விச் சேர்வரில் ஞாயிறன்று இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு குட்டி நாள் கேண்டிலும் விழும். கடந்த கேண்டில்களின் சராசரி விலையைக் காட்டும் கோடுகளை அது கெடுக்கும். ஆகவே நியூயோர்க் முடிவைப் பின்பற்றும் சேர்வரே நல்லது. எதுவானாலும் கேண்டில் மூடும்வரை பொறுங்கள். 6.10க்குப் பச்சையாக (ஏற்றமாக) நின்றது 6.30க்குச் சிவப்பாகலாம் (இறக்கமாகலாம்).

கேள்வி: கணினியில் கீறிய கோடுகள் கைத்தொலைபேசியில் தெரியவில்லையே? – வாசகர், பருத்தித்துறை

பதில்: தெரியாது. மெட்டாட்ரேடரில் கோடுகள் கீறிய கருவியிலேயே தங்கும். ஓடர்கள் (வாங்கும், விற்கும் கட்டளைகள்) மட்டுமே இரண்டிலும் வரும். முக்கிய விலைகளைக் கொப்பியில் எழுதி, தொலைபேசியில் கிடைக்கோடாகப் போடுங்கள்.