கிணறும் பூதமும் கரியமில வாயுவும்

அன்புள்ள சார்,

பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் நார்வேக்காரர்கள் கடலுக்கடியில் புதைப்பது பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வீட்டில் உரக்க வாசித்தேன். “கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்” என்று என் கணவர் சிரித்தார். பள்ளியில் வேதியியல் நடத்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து இதே வாயு கிளம்பி ஒரே இரவில் சுமார் 1,700 பேரைக் கொன்றது. தானாக வந்ததே அவ்வளவு செய்தது என்றால் நாமே கொண்டுபோய் அடைப்பானேன்? நாளைக்குக் கசிந்தால் யார் பொறுப்பு?

பெயர் வேண்டாம்,
ஒரு வேதியியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கணவருக்கு என் வணக்கம். பழமொழியைச் சரியான இடத்தில்தான் எடுத்திருக்கிறார். ஆனால் நியோஸில் நடந்தது வேறு. அது எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. கீழேயிருந்து ஊறிய வாயு ஆழத்துத் தண்ணீரில் கரைந்து சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் அடித்தண்ணீர் மேலே புரண்டது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த கதை. மேலே இருந்தது வெறும் தண்ணீர், அதனால் தடுக்க ஒன்றுமில்லை.

புதைக்கும் இடம் என்றதும் குகை மாதிரி ஏதோ ஒன்றை நாம் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் வகுப்பில் ஒரு செங்கல்லைத் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். கெட்டியாகத் தெரியும் செங்கல் குமிழி விட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கும். வட கடலுக்கு அடியில் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் இருக்கும் உட்சிரா மணற்பாறையும் அப்படித்தான். அதன் துளைகளில் இருப்பது உப்புத்தண்ணீர். சுமார் 800 மீட்டருக்குக் கீழே போனால் அழுத்தமும் சூடும் சேர்ந்து வாயுவைத் திரவம்போல நெருக்கிவிடும். ஆனாலும் அது உப்புத்தண்ணீரைவிட லேசானது, மேலேறத்தான் பார்க்கும். மேலே களிப்பாறை கூரைபோல மூடியிருக்க வேண்டும்.

இதை நார்வேக்காரர்கள் தர்மத்துக்குச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எடுக்கும் எரிவாயுவில் 9 சதவீதம் வரை கரியமில வாயு கலந்திருந்தது. விற்க வேண்டுமானால் அதை 2.5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991இல் வந்த கார்பன் வரியைக் கட்ட வேண்டும். புதைப்பது லாபம் என்று கணக்குப் போட்டு 1996இல் தொடங்கினார்கள். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டன்.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவது. அதிர்வலைகளை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுப் பூமிக்கடியைப் படம் எடுப்பார்கள். 1999இல் எடுத்த படத்தில் வாயு ஒரே பந்தாக இல்லை. மணற்பாறைக்கு நடுவே மெல்லிய களித் தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வாயு பரவி, வழி கண்டுபிடித்து அடுத்ததற்கு ஏறியிருந்தது. மொத்தம் ஒன்பது அடுக்குகள். மூன்றே ஆண்டில் உச்சி அடுக்கையும் தொட்டுவிட்டது. கூரை தாங்கியது. ஆனால் உச்சி அடுக்கில் அது வடக்கே ஓடிய வேகத்தைக் கணினி மாதிரிகளுக்குள் கொண்டுவர ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். பூமி நம் படத்தைப் பார்த்து நடந்துகொள்வதில்லை.

எல்லா இடமும் ஸ்லைப்னர் இல்லை. நார்வேயிலேயே ஸ்னோவிட் எரிவாயு வயலில் 2008இல் தொடங்கினார்கள். பாறைக்குள் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியதால் 2011இல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியிருந்தது. அல்ஜீரியாவின் இன் சாலாவில் தரை சில மில்லிமீட்டர் உப்பியதைச் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்தது. மூடிப்பாறை தாங்குமா என்ற கவலையில் 2011இல் நிறுத்தினார்கள்.

வேதியியல்காரரான உங்களுக்கு ஐஸ்லாந்துதான் பிடிக்கும். ஹெல்லிஷெய்தியில் 2012இல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து, சோடாவாக்கி, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறைக்குள் செலுத்தினார்கள். பாறையிலுள்ள கால்சியம் கரைந்து வாயுவோடு சேர்ந்து கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகிவிட்டது. இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016இல் கட்டுரை வெளியிட்டார்கள். கண்காணிப்புக் கிணற்றில் இறக்கியிருந்த பம்பிலேயே கால்சைட் படிந்திருந்தது! நம் ஊரில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்கி, உப்பு படிந்திருப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. அங்கே அதுவே சாட்சியானது. பூதம் கல்லாகிவிட்டால் கசிவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். தக்காணத்திலும் ஏராளமான பசால்ட் இருக்கிறது, நம் விஞ்ஞானிகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு எங்கே போவது என்று மராத்வாடா விவசாயியிடம் யாராவது கேட்கட்டும்.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது பாறையைவிட, வாயுவைக் கொண்டுபோகும் குழாயைப் பற்றி. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சடார்ஷியா என்ற சிற்றூர் அருகே, மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான பகுதிகளில் தேங்கியது. கார் எஞ்சின்கள்கூட மூச்சுமுட்டி நின்றன. யாரும் சாகவில்லை, 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அப்புறம் அளவு. ஸ்லைப்னரில் புதைத்தது ஆண்டுக்குப் பத்து லட்சம் டன். உலகம் இன்று எரிபொருளிலிருந்து வெளியே விடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். பிடிக்கும் கொஞ்சத்திலும் பெரும்பகுதியை மிச்ச எண்ணெயை உந்தி எடுக்க எண்ணெய் வயல்களுக்கே அனுப்புகிறார்கள். இந்த ஆராய்ச்சி வேண்டும் என்பதே என் கட்சி. சிமென்ட் ஆலைக்கு இந்த வாயுவைத் தவிர்க்க வேறு வழி குறைவு. ஆனால் இதைக் காட்டி நிலக்கரியை எரித்துக்கொண்டே போகலாம் என்று யாராவது சொன்னால், சந்தேகப்படுங்கள்.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இதற்குச் சட்டம் போட்டது. கிணற்றை மூடிய பிறகும் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு நிறுவனம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வாயு அசையாமல் நிரந்தரமாக அடங்கியிருக்கும் என்று சான்றுகள் காட்டினால் பொறுப்பு அரசாங்கத்துக்குப் போய்விடும், அதாவது வரி கட்டுகிற மக்களுக்கு. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கீழே இருக்க வேண்டிய பொருளுக்கு இருபது ஆண்டு. இதைக் கேட்டு உங்கள் கணவர் மறுபடி சிரித்தால், இந்தத் தடவை நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.