சுருக்கம் ஏன் விழுகிறது என்று படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. "விரிப்பு ஏன் சுருங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணப் போறேங்கிறா, இதுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் உங்கள் மகள் பிடித்திருப்பது சின்ன விஷயமில்லை.

தரையில் கிடக்கும் கனமான விரிப்பின் ஓரத்தைக் காலால் உள்ளே தள்ளிப் பாருங்கள். முழுவதும் நெளியாது, ஓரிடத்தில் மட்டும் புடைத்து எழும். மற்ற இடங்களை எடையும் உராய்வும் பிடித்து வைத்திருக்கின்றன. விறைப்பு அந்தப் புடைப்பை அகலமாக்கப் பார்க்கிறது, எடை அதை அமுக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியிலிருந்து ஒரு நீளம் பிறக்கிறது. புடைப்பின் அளவை முடிவு செய்வதில் அதற்குத்தான் பெரிய பங்கு. அதே பொருளில் தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும், எடையோ 2 மடங்குதான். அந்த நீளம், விறைப்பை எடையால் வகுத்தால் வருவதன் கனமூலத்தைப் போல வளரும். கணக்குப் போட்டால், 8 மடங்கு தடித்த விரிப்பில் விறைப்பு 512 மடங்கு, எடை 8 மடங்கு, வகுத்தால் 64; அதன் கனமூலம் 4, அதனால் அந்த நீளம் 4 மடங்காகிறது. இதைப் பற்றி 2009-இல் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' என்ற முன்னணி இயற்பியல் இதழில் கட்டுரைகளே வந்தன. மெல்லிய கம்பி வளைவதற்கு ஆய்லர் 1744-இல் எழுதிய கணக்குதான் இதற்கு அடித்தளம்.

சம்பளம் எங்கே என்றால், இதே கணிதம் பயன்படும் இடங்களில். ஜப்பான் 2010-இல் ஏவிய இகாரோஸ் விண்கலத்தின் சூரியப் பாய் (காற்றுக்குப் பதில் சூரிய ஒளி தள்ளும் பாய்மரத் துணி போன்றது) 14 மீட்டர் பக்கமுள்ள சதுரம், தடிமனோ 7.5 மைக்ரோமீட்டர். அதில் சுருக்கம் விழுந்தால் ஒளி தெறிக்கும் திசையே மாறும். வளையும் திரைகள், விமானத்தின் மெல்லிய தகடுகள், அனிமேஷனில் அசையும் உடைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும்.

'சுருக்கவியல்' என்று பட்டப்படிப்பு தேட வேண்டாம். இயற்பியலோ இயந்திரப் பொறியியலோ எடுக்கட்டும். வகைக்கெழுச் சமன்பாடு, மீள்மையியல் (வளைந்த பொருள் பழைய வடிவத்துக்குத் திரும்புவதைப் பற்றிய படிப்பு), கணினி நிரலாக்கம் மூன்றிலும் கை தேர வேண்டும். முழுநேர ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் தேவை. வருடங்கள் ஆகும், பணியிடங்களும் குறைவு. வீட்டுக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டுமென்றால் பொறியியல் பக்கம் போவதே நல்லது என்பேன்.

அதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். காகிதம், ரப்பர் தாள், தடித்த துணி ஆகியவற்றைத் தள்ளி, புடைப்பின் அகலத்தை அளந்து வரைபடம் போடட்டும். எண்கள் பொருந்தாதபோது எரிச்சலாகி விட்டுவிடுகிறாளா, ஏன் என்று தோண்டுகிறாளா என்று கவனியுங்கள். தோண்டினால், சேரப்போகும் கல்லூரியின் பாடத்திட்டத்தில் கணினி உருவகப்படுத்தல் (நிஜ நிகழ்வைக் கணினியில் நடத்திப் பார்ப்பது) ஆய்வகம் இருக்கிறதா என்று கட்டணம் கட்டும் முன்பே கேட்டு வையுங்கள்.