பேயா, மனநோயா என்று தெரியாமல் தவிக்கும் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு படம் பார்க்கலாம் என்றால் எது?

1999இல் வந்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’. முடிவை யாராவது ஏற்கெனவே போட்டு உடைத்திருப்பார்கள். பரவாயில்லை, பாருங்கள். நானே முடிவு தெரிந்த பிறகுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன்.

கல்லூரி நாட்களில் பார்த்தபோது கடைசித் திருப்பம் மட்டுமே மனதில் நின்றது. என் பையன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மறுபடி பார்த்தேன். இந்த முறை ஆட்டிப்போட்டது ஒரு சமையலறைக் காட்சி. காலை அவசரத்தில் அம்மா பக்கத்து அறைக்குப் போய்த் திரும்புகிறாள். அதற்குள் அலமாரிக் கதவுகள், இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. பையனோ உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. எதையாவது தேடினாயா என்று கேட்கிறாள். ஏதோ தின்பண்டத்தின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறான். அவன் கை இருந்த இடத்தில், மேசைமேல், வியர்வையில் பதிந்த உள்ளங்கைத் தடம். அது மெல்ல மறைகிறது. அவ்வளவுதான், பேயே வரவில்லை.

அவனுக்கு 9 வயது. செத்தவர்கள் கண்ணுக்குத் தெரிவது பாதிப் பிரச்சினைதான். சொன்னால் அம்மாவும் மற்றவர்களைப் போலத் தன்னை ஒரு மாதிரி பார்ப்பாளோ என்பது மீதிப் பாதி. முன்பு ஒருமுறை பள்ளியில் ரத்தமாக எதையோ வரைந்துவைக்க, பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள், அம்மா அழுதாள். அதிலிருந்து சிரிக்கும் மனிதர்கள், ஓடும் நாய்கள், வானவில் என்று மட்டுமே வரைகிறான். வானவில்லுக்கு யாரும் கூட்டம் போடுவதில்லையாம்! தன்னைக் கவனிக்கும் குழந்தை உளவியலாளரிடம் அவனே சொல்வது இது. எனக்கு அந்தப் படத்திலேயே திக்கென்றிருந்த இடம் அதுதான்.

பையனாக நடித்த ஹேலி ஜோயல் ஆஸ்மென்டுக்குப் படம் வந்தபோது 11 வயது. அவரும் அம்மாவாக வந்த டோனி கொலெட்டும் துணைப் பாத்திரங்களுக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்கள். அந்த உளவியலாளராக வரும் அதிரடிப் பட நாயகன் புரூஸ் வில்லிஸ்கூட இதில் குரலை உயர்த்தாமல் நடித்திருக்கிறார், அதுவே அதிசயம்.

அப்புறம், ஒன்றோடு நிறுத்த மனமில்லை என்றால் 2014இல் வந்த ஆஸ்திரேலியப் படம் ‘தி பாபடூக்’. பிரசவத்துக்கு மனைவியைக் காரில் அழைத்துப் போகும் வழியில் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான். அன்று பிறந்த பையன் வீட்டில் ஏதோ இருக்கிறது என்கிறான். அம்மாவுக்கோ பல நாள் தூக்கம் இல்லை. போகப் போக, அவனைவிட அவளைப் பார்த்துத்தான் பயம் வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பையன் கத்துகிற கத்து தாங்காது. ராத்திரியில் பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.