லேண்ட்லைனில் ஓயாத விளம்பர அழைப்புகள்: எண்ணையே மாற்றிவிடலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் 78 வயது மாமியார் மட்டும்தான். லேண்ட்லைனில் தினமும் நாலைந்து அழைப்பு வருகிறது. லோன் வேண்டுமா, ஓசூர் பக்கம் ப்ளாட் வேண்டுமா என்கிறார்கள். சில சமயம் எடுத்தால் பேச்சே இல்லை. முட்டிவலியோடு கட்டிலிலிருந்து எழுந்து வந்து, "அலோ, யாரு சாமி?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இந்த எண்தான் இருக்கிறது, அதனால் இணைப்பை எடுக்க மனமில்லை. எண்ணை மட்டும் மாற்றிவிடலாமா?

பதில்: அந்தப் பேச்சில்லாத அழைப்பிலிருந்தே தொடங்குகிறேன். யாரோ வீட்டை நோட்டம் விடுகிறார்கள் என்று பலர் பயந்துபோகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்றும் இல்லை. கால் சென்டரில் ஆள் உட்கார்ந்து எண்ணை அழுத்துவதில்லை, மெஷின்தான் அடிக்கிறது. பத்து வீட்டுக்கு அடித்தால் நாலு வீட்டில்தான் எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பேச இருக்கும் ஆட்களைவிட அதிகமான எண்களுக்கு ஒரே நேரத்தில் அடிக்கும். கணக்கு தப்பி ஆறு பேர் எடுத்துவிட்டால், மிச்சம் இரண்டு பேருக்குப் பேச ஆள் இருக்காது. கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் கட். உங்கள் மாமியார் அந்த இரண்டு பேரில் ஒருவர். இரண்டு முறை "அலோ" சொல்லியும் பதில் வராவிட்டால் வைத்துவிடலாம், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பது திரை இல்லாத பழைய போன் என்றுதான் நினைக்கிறேன். அதை மாற்றாமல் மற்ற எதுவும் சரிவராது. யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் புகார் எப்படிக் கொடுப்பது? காலர் ஐடி திரை உள்ள போனாக ஒன்று வாங்குங்கள். உங்கள் இணைப்பில் அந்த வசதி இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். எண்களைத் தடுக்கும் பொத்தான் உள்ள கார்ட்லெஸ் போன்களும் கடையில் கிடைக்கின்றன. கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. ஒரே சங்கடம், கரண்ட் போனால் கார்ட்லெஸ்ஸும் போய்விடும். பழைய செம்புக் கம்பி இணைப்பில் சாதாரண போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருவதால் கரண்ட் இல்லாதபோதும் மணி அடிக்கும். ஃபைபருக்கு மாறியிருந்தால் அந்தச் சௌகரியமும் இல்லை. மோடத்துக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுவிடுங்கள்.

அடுத்து 1909. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிந்துகொள்ளவும் புகார் செய்யவும் கூப்பிட வேண்டிய எண் இது. அந்தப் பதிவுக்குப் பெயர்தான் டிஎன்டி. அது செல்போனுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். லேண்ட்லைனையும் பதியலாம். அந்த லேண்ட்லைனிலிருந்தே 1909-ஐக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. வங்கி, வீடு மனை, கல்வி என்று வகை பிரித்துத் தடுக்கவும் வழி உண்டு. உங்களுக்கு அந்த யோசனையே வேண்டாம், எல்லாவற்றையும் தடுக்கச் சொல்லிவிடுங்கள். பதிவு எண் சொல்வார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் திரையில் வரும் எண்ணைப் பாருங்கள். 140 என்று தொடங்கினால் அது முறையாகப் பதிவு செய்த விளம்பரக்காரர். டிஎன்டி பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கூப்பிட வேண்டும். 1600 என்று தொடங்குவது வங்கி, காப்பீடு, அரசு போன்றவை தங்கள் வாடிக்கையாளரோடு சேவை விஷயமாகப் பேச ஒதுக்கிய வரிசை. டிஎன்டி அதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. 080 வந்தால் பெங்களூரு. ப்ளாட் விற்பவராக இருக்கலாம், அங்கே வேலை பார்க்கும் உங்கள் அக்கா மகனாகவும் இருக்கலாம்.

உண்மையான தொல்லை சாதாரணப் பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வரும் விளம்பரம்தான். பதிவு செய்யாமல் அப்படி விற்பனைக்குக் கூப்பிடுவதே விதிமீறல். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளைத் திருத்தியது. அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், முன்பு 3 நாள்தான். பதிவு செய்யாத ஆள் மீதான புகாரில் தொலைபேசி நிறுவனம் 5 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், முன்பு அதற்கு 30 நாள். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அந்த எண் மீது நடவடிக்கைக்குப் போதும். டிஎன்டி பதியாதவர்கூட இப்படிப்பட்டவர்கள் மீது புகார் செய்யலாம்.

புகாருக்குக் கூப்பிட்ட எண், தேதி, நேரம், என்ன விற்றார்கள் என்பது தேவை. போன் பக்கத்தில் தினசரி காலண்டரை மாட்டி, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மாமியார் அன்றைய தாளில் எண்ணையும் நேரத்தையும் கிறுக்கிவைத்தால் போதும், மாலையில் வந்து நீங்கள் 1909-க்குச் சொல்லிவிடலாம். உங்கள் எண்ணைச் சொல்லும்போது 04343-ஐச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரே கடையிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் நாமே எங்கோ சம்மதம் கொடுத்திருப்போம். ஜவுளி எடுத்தபோது நிரப்பிய குலுக்கல் கூப்பனில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் அது இருந்திருக்கும். அந்தச் சம்மதம் இருந்தால் டிஎன்டியைத் தாண்டி வருவார்கள். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர்களிடமே சொல்லி நிறுத்தச் சொல்லலாம், அது உங்கள் உரிமை.

இன்னொரு வகை அழைப்பு உண்டு, அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று பதிவுக் குரல் வரும். டிராய் யாருடைய இணைப்பையும் துண்டிப்பதாகக் கூப்பிடுவதில்லை. போலீஸ், கூரியரில் போதைப்பொருள், போனிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் டிஜிட்டல் கைது என்பதெல்லாம் இதே கும்பலின் வேலை. டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், ஆதார் எண்ணோ ஓடிபியோ சொல்லாமல் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்றால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். வங்கிக்கு நடந்துகொண்டிருந்தால் பணம் அடுத்த கணக்குக்குப் போயிருக்கும்.

எண்ணை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். அந்த மெஷினுக்கு உங்கள் எண் தெரிந்திருக்க வேண்டும் என்றே இல்லை, வரிசையாக ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டு போனாலே புது எண்ணும் மாட்டிக்கொள்ளும். புது எண் என்பதும் பெரும்பாலும் யாரோ விட்டுப்போன பழைய எண்தான். அவர் வாங்கிய கடனுக்கு வசூல்காரர் உங்கள் மாமியாரிடம் கத்துவார். புது எண்ணையும் 1909-இல் முதலிலிருந்து பதிய வேண்டும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் நீங்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.