மூன்று கப் அன்னாசி எத்தனை கிராம்?

பட்டர்வொர்த் வாசகி ஒருவரின் கேள்வி: "தீபாவளிக்கு அன்னாசி டார்ட் (அன்னாசி ஜாம் வைத்துச் சுடும் சிறு பலகாரம்) செய்து பழகுகிறேன். குறிப்பில் 'சிறு துண்டுகளாக நறுக்கிய அன்னாசி 3 கப்' என்று இருந்தது. ஒரு கப் 250 கிராம் என்று கணக்குப் போட்டு 750 கிராம் நிறுத்துப் போட்டேன். சீனி குறிப்பில் சொன்ன அளவுதான். ஜாம் ஒரே புளிப்பு, இறுகவும் இல்லை. எங்கே தவறு?"

கணக்கில்தான் தவறு, சகோதரி. 250 என்பது கப் கொள்ளும் மில்லிலிட்டர். தண்ணீர் ஊற்றினால் 250 கிராம் இருக்கும். பழத்துண்டுகளை அள்ளிப் போட்டால் நடுவே காற்றும் சேர்ந்து இடம் பிடிக்கும். அதனால் ஒரு கப் அன்னாசித் துண்டு ஏறக்குறைய 175 கிராம்தான். மூன்று கப்புக்கு 525. நீங்கள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பழம் போட்டுவிட்டீர்கள், சீனி மட்டும் கூடவில்லை.

துருவிய பழத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. துருவினால் காற்று போய்விடும், சாறு இடுக்கெல்லாம் நிரம்பிவிடும். அப்போது கப்புக்கு 250 கிராம் என்பது சரியாகவே வரும். வாழைப்பழத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வட்டமாக அரிந்தால் ஒரு கப் 160 கிராம். அதே பழத்தை மசித்தால் 240. குறிப்பில் 'மசித்த' என்று இருந்தால் மசித்த பிறகு அளக்க வேண்டும். துண்டாக அளந்துவிட்டுப் பிறகு மசித்தால் கேக்கில் பழம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். என் சமையல் வகுப்பில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

சரி, 525 கிராமுக்கு எவ்வளவு வாங்குவது? கொண்டை, தோல், நடுத்தண்டு போனால் முழு அன்னாசியில் பாதிதான் தேறும். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் வாங்குங்கள்.

நறுக்கிய பாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள். 500 கிராம் என்று வகுப்புக்கு வாங்கி வந்ததைத் தட்டிலிருந்து எடுத்து வடிகட்டி நிறுத்தேன். 410 கிராம்தான் இருந்தது. தேங்கிய சாற்றுக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கும் பழத்தின் விலை வாங்கியிருக்கிறார்கள். கண் முன்னால் வெட்டுகிறேன் என்பவரும் தோலோடு நிறுத்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். 'கிலோ என்ன விலை' என்பதோடு, 'தோலோடா, தோல் இல்லாமலா' என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி நிறுத்துப் பாருங்கள்.

மலேசியாவில் கிலோ, கிராமை முறையாக்கிய எடை அளவைச் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. ஆனாலும் பாட்டியின் குறிப்பில் காத்தி (சுமார் 600 கிராம்), இணையத்தில் கப், கடையில் கிலோ! சமையல் குறிப்பு எழுதுபவர்கள் ஒரு தராசு வாங்கினால் இவ்வளவு பழம் வீணாகாது. கப் செட் விற்பவர்களோ அதில் மில்லிலிட்டரைக்கூட அச்சிடுவதில்லை. அமெரிக்க கப் 237 மில்லிலிட்டர்தான், ஆனால் ஜாமுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. உங்கள் கப்பைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலிட்டர்.

அப்புறம், அந்த ஜாமைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் போட்ட சீனியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துச் சேர்த்து, அகலமான சட்டியில், மிதமான தீயில் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாமல் அடிச்சட்டி தெரிய வேண்டும். அதுதான் பதம், இறக்கிவிடலாம்.